சம்பளச் சிட்டையும் கடைச் சிட்டையும்: அரச ஊழியரின் சம்பள உயர்வுக்குப் பணம் கொடுப்பது யார்?

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்கான மேடைகளில் அடிக்கடி பேசப்பட்ட விடயங்களில் ஒன்று அரச ஊழியர்களின் சம்பள உயர்வு. ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்திவிட்டோம் என்று ஆளும் தேசிய மக்கள் சக்தியினர் சொன்னார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துவிட்டார்கள் என்று எதிரணியினர் சொன்னார்கள். தபால்மூலம் வாக்களிக்கும் அரச ஊழியர்களை மனதில் வைத்தே இரு தரப்பும் பேசின.

ஆனால் அந்தக் கூட்டங்களில் நின்றவர்களில் பெரும்பாலானோர் அரச ஊழியர்கள் இல்லை. கடற்றொழிலாளர், தோட்டக்காணி செய்வோர், மேசன் வேலைக்குப் போவோர், ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறும் இளம் பெண்கள், போரில் துணையை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள். அவர்களிடம் இருந்த கேள்வி சுருக்கமானது: "அவைக்குக் கூட்டியிருக்கு, எங்களுக்கு என்ன?"

இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அரச ஊழியருக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாவும் மக்களிடமிருந்து வரியாக எடுக்கப்படுகிறது, அல்லது மக்களின் பெயரில் கடனாகப் பெறப்படுகிறது. எனவே யாருக்கு எவ்வளவு கூடியது என்ற கணக்கையும், அதற்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அரசியல்வாதிகள் முதலாவது கணக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

15,750 எப்படி 8,250 ஆனது?

2025 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பெப்ரவரி 17 ஆம் திகதி சமர்ப்பித்தார். அதன்படி ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகிறது. வித்தியாசம் 15,750 ரூபா.

ஆனால் அதுவரை அரச ஊழியர் அடிப்படைச் சம்பளத்துக்கு வெளியே 2,500 ரூபா இடைக்காலக் கொடுப்பனவையும் 5,000 ரூபா விசேட கொடுப்பனவையும் பெற்றுவந்தனர். இந்த 7,500 ரூபாவும் அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே உண்மையான உயர்வு 8,250 ரூபா. அதுவும் ஒரே தடவையில் வருவதில்லை. 5,000 ரூபாவும், மிகுதி 3,250 ரூபாவின் 30 வீதமும் 2025 ஏப்ரலில் இருந்து கிடைத்தன. எஞ்சியது 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் சம பங்குகளாகச் சேரும் என்று திட்டமிடப்பட்டது. அதாவது கடைநிலை ஊழியர் ஒருவருக்கு அப்போது கூடியது 5,975 ரூபா.

இதை மோசடி என்று சொல்லமுடியாது. கொடுப்பனவுகளை அடிப்படைச் சம்பளத்துடன் சேர்ப்பதால் ஓய்வூதியத்துக்கான அடிப்படை உயர்கிறது. வருடாந்த சம்பள ஏற்றமும் 80 வீதத்தால் கூட்டப்பட்டு, ஆகக் குறைந்த ஏற்றம் 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவாகியிருக்கிறது. இவை காலப்போக்கில் பயன் தரும். ஆனால் மேடையில் சொல்லப்பட்ட 15,750 என்ற தொகை 2025 ஏப்ரல் மாதச் சம்பளச் சிட்டையில் இருக்கவில்லை. மேலதிக நேர, விடுமுறை நாள் கொடுப்பனவுகளைக் கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டதால் தமக்கு இழப்பே ஏற்படும் என்று கூறி, சுகாதாரத் துறைத் தொழிற்சங்கங்கள் 2025 மார்ச் மாதத்தில் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

உயர்வு தேவைதானா?

அரச ஊழியர்களின் அடிப்படைச் சம்பள அளவுகள் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் தீர்மானிக்கப்பட்டு, படிப்படியாக 2020 ஜனவரியில் முழுமை பெற்றன. அதன் பிறகு 2025 ஏப்ரல் வரை அடிப்படைச் சம்பளம் திருத்தப்படவில்லை. இடையில் 2022 இல் 5,000 ரூபா விசேட கொடுப்பனவு வந்தது. 2024 இல் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800 ரூபாவிலிருந்து 17,800 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். 2020 இல் ஆகக் குறைந்த படியில் இருந்த அரச ஊழியர் ஒருவருக்குக் கொடுப்பனவுகளுடன் மாதம் 35,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. மூன்று கட்டங்களும் முடிந்து 2027 இல் அதே படியில் இருப்பவருக்கு 57,800 ரூபா கிடைக்கும். ஏழு வருடங்களில் ஏறத்தாழ 67 வீத உயர்வு.

இதற்கிடையில் விலைவாசிக்கு என்ன நடந்தது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதமாக உச்சம் தொட்டது. பிறகு பணவீக்கம் குறைந்தது என்றால், விலைகள் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். பெரும்பாலான பொருட்கள் பழைய விலைக்குத் திரும்பவில்லை. நெருக்கடிக்கு முந்திய காலத்துடன் ஒப்பிட்டால் வாழ்க்கைச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. ஆகவே 67 வீத உயர்வு கிடைத்தாலும் கடைநிலை அரச ஊழியர் 2020 இல் வாங்கிய அளவு பொருளை 2027 இல் வாங்கமுடியாது. அவர் இழந்ததில் ஒரு பகுதியே திரும்பக் கிடைக்கிறது.

எனவே உயர்வு நியாயமானதே. அப்படியானால் அரச வேலை இல்லாதவரின் இழப்பை யார் ஈடுசெய்வது? தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 21,000 ரூபாவிலிருந்து 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்படும் என 2025 இல் அறிவிக்கப்பட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1,350 ரூபாவிலிருந்து 1,700 ரூபாவாக உயர்த்துவதாக 2025 இல் வாக்குறுதி அளிக்கப்பட்டது. ஆனால் வன்னியில் நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு எந்த வர்த்தமானியும் பாதுகாப்பில்லை. வேலை கிடைத்த நாளுக்குத்தான் கூலி.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்தச் சம்பள உயர்வின் முழுச் செலவு 325 பில்லியன் ரூபா என்றும், 2025 ஆம் ஆண்டுக்கு மட்டும் 110 பில்லியன் ரூபா தேவை என்றும் அரசாங்கம் கூறியது. அது எப்படிச் சாத்தியமானது என்பதைப் புரிந்துகொள்ள 2019 டிசெம்பருக்குத் திரும்பவேண்டும்.

அப்போது பதவியேற்றிருந்த கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் பெறுமதி சேர் வரியை, அதாவது வற் வரியை, 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. தேச நிர்மாண வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் மாதந்தோறும் வரி கழிக்கும் முறையும் கட்டாயமாக இருக்கவில்லை. தனிநபர் வருமான வரிக்கான விலக்கு வருடத்துக்கு 5 இலட்சம் ரூபாவிலிருந்து 30 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வருமானம் கூடியவர்களுக்கே அதிக இலாபம்.

சாதாரண மக்களுக்கு விலை குறைந்ததா? சீனியின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் விலை அதற்கேற்பக் குறையவில்லை. அரசாங்கம் இழந்தது 15 பில்லியன் ரூபாவுக்கும் மேல். அந்தப் பணம் யாருடைய பைக்குப் போனது என்ற சர்ச்சை இன்றுவரை முடியவில்லை.

2021 இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8.3 வீதமாக வீழ்ந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று. பெருந்தொற்று, டொலர் தட்டுப்பாடு, பணம் அச்சிட்டது என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. எரிபொருள் வரிசையும் எரிவாயு வரிசையும் பால்மாவுக்கான அலைச்சலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையை அனுபவித்த வன்னி மக்களுக்கு அது இரண்டாவது தடவை.

அதன் பிறகு வரிகள் வேகமாக ஏறின. வற் வரி 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம். அதே ஜனவரியில் பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியனவும் வற் வரிக்குள் வந்தன. 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. 2025 இல் அரச வருமானத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 வீதமாக உயர்த்துவது அதன் முக்கிய இலக்கு.

ஆகவே சம்பளத்தைக் கூட்டுவதற்கான பணம் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. 2022 இலிருந்து மக்கள் கூடுதலாகக் கட்டிய வரியிலிருந்து வருகிறது. நாட்டின் வரி வருமானத்தில் 70 வீதத்துக்கும் அதிகமானது மறைமுக வரி. அதாவது வருமானத்தைப் பார்த்து அறவிடப்படாமல், பொருளின் அல்லது சேவையின் விலைக்குள் சேர்த்து அறவிடப்படும் வரி.

வருமான வரிச் சலுகை யாருக்கு?

சம்பள உயர்வு தொடங்கிய அதே ஏப்ரலில் இன்னொரு மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் வருமான வரிக்கான விலக்கு மாதம் ஒரு இலட்சம் ரூபாவிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரிப் படிகளும் அகலமாக்கப்பட்டன. தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்ன இரண்டு இலட்சத்துக்கு இது குறைவு என்றாலும், மத்தியதர வர்க்கத்துக்குப் பெரிய ஆறுதல்.

மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா பெறுபவர் முன்னர் 3,500 ரூபா வரி கட்டினார். இப்போது எதுவும் கட்டத் தேவையில்லை. இரண்டு இலட்சம் பெறுபவரின் வரி 10,500 ரூபாவிலிருந்து 3,000 ரூபாவாகக் குறைகிறது. மூன்று இலட்சம் பெறுபவர் 35,000 ரூபாவுக்குப் பதிலாக 18,500 ரூபா கட்டுவார். அவருக்கு மாதம் மிச்சமாவது 16,500 ரூபா.

வைத்தியர்களும் பொறியியலாளர்களும் விரிவுரையாளர்களும் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் நிலையில் இந்தச் சலுகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிபுணர் இல்லாத வைத்தியசாலைகளுக்குப் போய்வந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் மாதம் 55,000 ரூபா பெறும் பாடசாலைச் சிற்றூழியருக்கு இந்தச் சலுகையில் ஒரு சதமும் இல்லை. அவர் முன்னரும் வருமான வரி கட்டவில்லை, இப்போதும் கட்டவில்லை. அவருக்கு உதவக்கூடியது வற் வரிக் குறைப்பு மட்டும்தான். அத்தியாவசிய உணவு, சுகாதார சேவை, கல்விப் பொருட்கள் ஆகியவற்றிலிருந்து வற் வரியை நீக்குவோம் என்று தேசிய மக்கள் சக்தி தேர்தலின்போது சொல்லியிருந்தது. 2025 ஏப்ரலில் உணவில் கிடைத்தது உள்ளூரில் உற்பத்தியாகும் திரவப் பாலுக்கும் யோகட்டுக்குமான விலக்கு.

கடைச் சிட்டையில் எழுதப்படாத வரி

"நான் வரி கட்டுறதில்லை" என்று கிராமங்களில் பலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. 2025 இல் வருடத்துக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்த நிறுவனம்தான் வற் வரிக்குப் பதிவுசெய்யவேண்டியிருந்தது. ஒழுங்கையில் இருக்கும் பலசரக்குக் கடை அதற்குள் வராது. அதனால் கடைக்காரர் தரும் சிட்டையில் வற் என்று ஒரு வரி தனியாக எழுதப்பட்டிருக்காது. ஆனால் சவர்க்காரம் தயாரித்த கம்பனியும், பிஸ்கட்டை விநியோகித்த நிறுவனமும் ஏற்கனவே அந்த வரியை விலைக்குள் சேர்த்துவிட்டன. கைத்தொலைபேசிக்குப் போடும் ரீலோடிலும், மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோலிலும் இப்படித்தான்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முல்லைத்தீவில் இரண்டு பிள்ளைகளுடன் வாழும் ஒரு தாய் கூலி வேலை செய்து மாதம் 40,000 ரூபா உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பாண், பதப்படுத்தாத மரக்கறி, மருந்து போன்றவற்றுக்கு வற் வரி இல்லை. ஆகவே அவர் வற் வரி சேர்ந்த பொருட்களுக்குச் செலவிடுவது 15,000 ரூபா மட்டும் எனக் கொள்வோம். 18 வீதம் என்றால் ஒவ்வொரு 118 ரூபாவிலும் 18 ரூபா வரி. எனவே அந்த 15,000 ரூபாவுக்குள் ஏறத்தாழ 2,290 ரூபா வரி இருக்கிறது. இது அவரது வருமானத்தில் 5.7 வீதம்.

இனி மாதம் இரண்டு இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுப்போம். அவர் வற் வரி சேர்ந்த பொருட்களுக்கு 50,000 ரூபா செலவிடுகிறார் என்றால் அதற்குள் 7,630 ரூபா வரி. புதிய முறையில் வருமான வரி 3,000 ரூபா. இரண்டும் சேர்த்து 10,630 ரூபா. அவரது வருமானத்தில் இது 5.3 வீதம்.

ஐந்து மடங்கு உழைப்பவரும் இந்தத் தாயும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் வரி கட்டுகிறார்கள். தாயின் வீதம் சற்றுக் கூடவும் இருக்கிறது. 2025 மார்ச் வரை இரண்டு இலட்சம் பெறுபவரின் மொத்தச் சுமை இதே கணக்கில் 9 வீதமாக இருந்தது. அவருக்குக் குறைந்திருக்கிறது. தாய்க்கு எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் செலவுக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறும். ஆனால் மறைமுக வரியில் தங்கியிருக்கும் ஒரு நாட்டில் கணக்கு இந்தத் திசையில்தான் போகும். ஏனென்றால் வருமானம் குறைந்தவர் உழைப்பது முழுவதையும் செலவழிக்கிறார். வருமானம் கூடியவருக்குச் சேமிக்கவும் காணி வாங்கவும் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கு வற் வரி இல்லை.

அஸ்வெசும கொடுப்பனவு இந்தத் தாய்க்குக் கிடைத்தால் அது ஈடுசெய்யும். வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் 2025 இல் வழங்கப்பட்டது. தெரிவுப் பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர்களுக்குக் கட்டிய வரிதான் மிச்சம்.

இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வங்கி வைப்புகளின் வட்டியில் கழிக்கப்படும் வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தையோ ஓய்வூதியப் பணத்தையோ நிலையான வைப்பில் இட்டு, அந்த வட்டியில் வாழும் முதியவர்கள் எம்மிடையே பலர். வருடாந்த வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் தமது வங்கியில் சுயவெளிப்படுத்தல் படிவத்தை ஒப்படைத்து இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். கேட்காதவர்களுக்குக் கழிக்கப்பட்டுவிடும்.

வரிப் பணம் எங்கே போகிறது?

"அரச ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தே நாடு அழிந்தது" என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்கிறது. அரச ஊழியர் தொகை சுமார் 13 இலட்சம். இந்த எண்ணிக்கை தேவைக்கு அதிகம் என்பதிலும், பல நியமனங்கள் அரசியல் காரணங்களுக்காக வழங்கப்பட்டவை என்பதிலும் உண்மை உண்டு. ஆனால் செலவுப் பட்டியலை முழுமையாகப் பார்க்கவேண்டும்.

2025 இல் அரசாங்கம் எதிர்பார்த்த வருமானம் 4,990 பில்லியன் ரூபா. கடன்களுக்கான வட்டிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது 2,950 பில்லியன் ரூபா. அந்த வருமானத்தின் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் ஏறத்தாழ 59 ரூபா வட்டிக்கு. சம்பளத்துக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வீதிக்கும் பணம் போதாமல் இருப்பதற்கு முதற் காரணம் அது.

அந்தக் கடனின் சுமை பகிரப்பட்ட விதத்தையும் மறக்கக்கூடாது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, தனியார் துறைத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகளில் கைவைக்கப்படவில்லை. கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் பெண்ணுக்கு ஓய்வுகாலத்தில் கிடைக்கவேண்டிய பணத்தில் ஒரு பகுதி அப்படிப் போனது. அதை வரி என்று யாரும் அழைப்பதில்லை. விளைவு அதுதான்.

அடுத்தது பாதுகாப்புச் செலவு. 2025 இல் போர் முடிந்து பதினாறு வருடங்களாகியிருந்தன. பாதுகாப்பு அமைச்சுக்கு 2025 இல் ஒதுக்கப்பட்டது 442 பில்லியன் ரூபா. அதே வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கு 5 பில்லியன் ரூபாவும் வட்டுவாகல் பாலத்துக்கு 1 பில்லியன் ரூபாவும் ஒதுக்கப்பட்டன. பாதுகாப்புச் செலவின் பெரும்பகுதி சம்பளமும் பராமரிப்பும். அரச ஊழியர் தொகை அதிகம் என்று பேசும் பலர் படையினரும் அந்தத் தொகைக்குள் வருகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த இராணுவத்தின் எண்ணிக்கையை 2030 இல் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. அந்த வாக்குறுதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேர்தல் மேடைகளில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எமது ஊரில் அரச சம்பளம்

வடக்கிலும் கிழக்கிலும் அரச வேலைக்கு இருக்கும் மதிப்புக்குக் காரணம் உண்டு. போர் தொழிற்சாலைகளை அழித்தது. காணிகள் கைவிட்டுப் போயின. படகும் வலையும் போயின. மாதக் கடைசியில் நிச்சயமாகக் கையில் வரும் ஒரே வருமானமாக அரச சம்பளமே இருந்தது. இன்றும் பல குடும்பங்களில் ஒரு ஆசிரியரின் சம்பளம் அவரது பெற்றோரையும் வேலையற்ற சகோதரரையும் சேர்த்தே தாங்குகிறது. ஊரில் கடைகள் ஓடுவதும் அந்தச் சம்பளம் புழங்குவதால்தான். அதைக் குறைத்தால் கூலித் தொழிலாளியின் நிலை உயராது. அவருக்கு வேலை கொடுப்பவர்களின் கையில்தான் பணம் குறையும்.

ஆனால் அரச சம்பளத்துக்குள்ளேயே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைகளைப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளையும் பண்ணைத் தொழிலாளரையும் வேலைக்குச் சேர்த்தது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. பக்கத்துக் கிராமத்தில் மாகாணசபையின் கீழ் அதே வயதுப் பிள்ளைகளுக்கு அதே பாட்டைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்குக் கிடைத்ததோ சிறிய ஊக்குவிப்புத் தொகை. அது சம்பளம் என்ற பெயருக்கே தகுதியற்றது. வறுமையில் இருந்த பெண்கள் எதைத் தெரிவுசெய்வார்கள்? அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. சிவில் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்படாத பணம் படைத்தரப்பின் வழியாக வந்ததுதான் அங்கே பிரச்சினை.

தொண்டர் ஆசிரியர்களாக வருடக்கணக்கில் வேலை செய்தோரும், அமைய ஊழியராக நிரந்தர நியமனத்துக்குக் காத்திருப்போரும் 40,000 ரூபா பற்றிய பேச்சுக்குள் வருவதேயில்லை. வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணப் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் பணம் கொழும்பிலிருந்து வருகிறது. அதை எப்படிச் செலவிடுவது என்று கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த சபை இல்லை.

நியாயமான வரி என்றால் என்ன?

இயன்றவர் கூடக் கட்டவேண்டும், இயலாதவர் குறையக் கட்டவேண்டும் என்பது எளிய விதி. இலங்கையில் அதற்கு இடைவெளி எங்கே என்பதும் தெரிந்த விடயம்.

முதலாவது, சொத்து. சர்வதேச நாணய நிதியத்துடனான திட்டத்தில் நாடளாவிய சொத்து வரியும், கொடைக்கும் மரபுரிமைச் சொத்துக்குமான வரியும் 2025 இல் அறிமுகமாகும் என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. இன்றுவரை வரவில்லை. வற் வரியை 18 வீதமாக்க ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. இந்த வரி வரும்போது எமக்கும் ஒரு கவலை உண்டு. போரில் உறுதியை இழந்தவர்கள், இன்னும் படையினர் வசமுள்ள காணிகளின் உரிமையாளர்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெயரிலுள்ள வீட்டைக் காத்திருக்கும் முதியவர்கள் ஆகியோர் கொழும்பில் பல மாடிவீடுகளை வாடகைக்கு விடுபவருடன் ஒரே தட்டில் வைக்கப்படக்கூடாது.

இரண்டாவது, சம்பளக்காரரின் வரி வங்கிக்குப் போகுமுன்னரே கழிக்கப்படுகிறது. பெரிய வியாபாரத்தின், தனியார் சேவை வருமானத்தின் வரி அப்படியில்லை. அவர்களே கணக்குக் காட்டினால்தான் உண்டு. மூன்றாவது, முதலீட்டை ஈர்ப்பது என்ற பெயரில் பெரிய நிறுவனங்களுக்கு வருடக்கணக்கில் வழங்கப்படும் வரி விடுமுறைகள். நான்காவது, மறைமுக வரியைக் குறைப்பதானால் எதில் முதலில் குறைப்பது என்பது. பாடசாலைக் கொப்பிகளும் சமையல் எரிவாயுவும் அந்தப் பட்டியலில் முதலில் வரவேண்டும்.

மறு தரப்பின் வாதத்தையும் கேட்கவேண்டும். வற் வரி அறவிடுவதற்கு எளிது, உடனே பணம் வரும், 2019 இல் வரியைக் கண்மூடித்தனமாகக் குறைத்ததன் விளைவை நாடு கண்டுவிட்டது என்கிறார்கள் திறைசேரியினர். அது உண்மை. இன்னொரு தடவை அப்படி வரி குறைந்தால் முதலில் அடிபடுவது மருந்தும் பாடசாலையும்தான். ஆகவே மொத்த வரி வருமானம் குறையக்கூடாது. அதை யார் சுமப்பது என்பதே மாறவேண்டும். சொத்திலிருந்தும் பெரிய வருமானத்திலிருந்தும் கூடுதலாக எடுத்தால்தான் சவர்க்காரத்திலும் கொப்பியிலும் குறைக்கமுடியும். அரச ஊழியரின் சம்பள உயர்வையும் கூலிக்காரரின் தலையில் சுமத்தாமல் கொடுப்பதற்கும் வழி அதுதான்.

அரச ஊழியரும் கூலித் தொழிலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியவர்களுக்கு நிம்மதி. ஆசிரியரின் தாயும் கூலித் தொழிலாளியின் தாயும் ஒரே கடையில்தான் சவர்க்காரம் வாங்குகிறார்கள். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் சம்பள உயர்வைப் பற்றிப் பேசினால், "நல்லது, அதுக்கான காசை யாரிட்டை எடுக்கப்போறியள்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிரதேச சபை உறுப்பினரால் வற் வரியை மாற்றமுடியாது என்பது உண்மைதான். ஆனால் அவரது கட்சியால் முடியும்.